செவ்வாயில் சிக்கிய சாவி

பூமியிலிருந்து 19 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், 1997-ல் ஒரு கணினி ஓடிக்கொண்டிருந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, மறுபடி மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அந்தக் கோளாறைப் பின்தொடர்ந்து போனால், நம் சட்டைப்பையில் இருக்கும் செல்போனின் இதயம் வரை போகலாம்.

1997 ஜூலை 4. செவ்வாய் கிரகத்தின் ஏரெஸ் வாலிஸ். பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளம் அறுத்துக்கொண்டு ஓடிய தடம் அது. காற்றுப்பைகளால் சுற்றப்பட்ட ஒரு பொட்டலம் வானத்திலிருந்து அங்கே விழுந்தது. விழுந்த வேகத்தில் எம்பியது, மறுபடி விழுந்தது, மறுபடி எம்பியது. பதினைந்து முறையாவது துள்ளி உருண்டு ஓய்ந்த பிறகு பைகள் சுருங்கின. இதழ் விரிவதுபோல் பக்கங்கள் திறந்தன. உள்ளே இருந்தது நாசாவின் பாத்ஃபைண்டர். அதன் மடியில் பத்தரைக் கிலோ எடையில், ஆறு சக்கரங்களோடு சோஜர்னர் என்ற குட்டி வண்டி.

வண்டி தரையில் இறங்கியது. படங்கள் வந்தன. உலகமே பார்த்துக்கொண்டிருந்தது.

சில நாட்கள் கழித்துத் தலைவலி ஆரம்பித்தது. வானிலைக் கருவி அளவெடுக்கத் தொடங்கிய பிறகு, கலத்தின் கணினி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ரீசெட் ஆனது. பிறகு இன்னொரு நாள். பிறகு மறுபடியும். ஒவ்வொரு முறையும் அன்றைக்குப் போட்டு வைத்திருந்த வேலைகளில் மிச்சம் அத்தனையும் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. கணினி ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிய வேலைகளைச் செய்யப் பார்க்கிறது என்று அன்றைய செய்தித்தாள்கள் எழுதின. பூமியிலிருந்து ஒரு கட்டளை அங்கே போய்ச் சேரவே பத்தரை நிமிடத்துக்கு மேல் ஆகும். போய்த் திருகிப் பார்க்க ஆள் இல்லை.

கருவி எதுவும் உடையவில்லை. கணக்குத் தப்பவில்லை. யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதில்தான் குழப்பம். அந்தக் காத்திருப்பை முறைப்படுத்துவதற்காகவே பிறந்த மென்பொருளுக்குத்தான் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர், தமிழில் இயங்குதளம்.

ஒரு மூளை, நூறு வேலை

பாத்ஃபைண்டரில் இருந்தது ஒரே ஒரு பிராசஸர். விண்வெளிக் கதிர்வீச்சைத் தாங்கும்படி ஐ.பி.எம். வடிவமைத்த ஆர்.ஏ.டி.6000. வேகம் 20 மெகாஹெர்ட்ஸ், மெமரி 128 மெகாபைட். இன்று சாதாரண செல்போனின் பிராசஸர்கூட அதைப்போல் நூறு மடங்கு வேகத்தில் துடிக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு பிராசஸர் ஒரு நொடியில் பல லட்சம் கட்டளைகளை நிறைவேற்றும். ஆனால் ஒரு கணத்தில் ஒரே வேலையைத்தான் செய்யும். செவ்வாயிலோ அதற்கு வேலைகள் வரிசை கட்டி நின்றன. ஆன்டெனா வழியாகப் பூமியோடு பேச வேண்டும். கேமரா எடுக்கும் படங்களைச் சுருக்க வேண்டும். குட்டி வண்டியின் செய்திகளை வாங்க வேண்டும். காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் குறிக்க வேண்டும். பேட்டரியைக் கவனிக்க வேண்டும்.

இவை அத்தனையும் ஒரே சமயத்தில் நடப்பதுபோல் தோன்ற வைப்பது இயங்குதளம். அது ஒரு வேலையைக் கொஞ்ச நேரம் ஓட விடும். பிறகு நிறுத்தி, எந்த வரியில் நின்றது, கையில் என்னென்ன எண்களை வைத்திருந்தது என்று குறித்துக்கொள்ளும். அடுத்த வேலைக்குப் பிராசஸரைக் கொடுக்கும். முதல் வேலையின் முறை மறுபடி வரும்போது, குறித்து வைத்ததை அப்படியே திருப்பித் தரும். இடையில் தன்னை நிறுத்தினார்கள் என்பதே அந்த வேலைக்குத் தெரியாது.

இயங்குதளத்தின் ஆழத்தில் இருந்து இந்த மாற்றங்களைச் செய்யும் பகுதி கெர்னல். அடுத்து யார் என்று தீர்மானிக்கும் அதன் உறுப்பு ஷெட்யூலர். நாம் திரையில் பார்க்கும் படங்களும் பொத்தான்களும் மேல் பூச்சு. கண்ணுக்குத் தெரியாமல் அடியில் நடக்கும் இந்தப் பங்கீடுதான் கட்டடத்தைத் தாங்கும் அஸ்திவாரம்.

வீட்டுக் கணினியில் இந்தப் பங்கீடு கொஞ்சம் பிசகினால் ஒரு பக்கம் தாமதமாகத் திறக்கும், அவ்வளவுதான். விண்கலத்திலும், காரின் பிரேக்கிலும், இதயத்துக்கான பேஸ்மேக்கரிலும் அப்படி விட முடியாது. அங்கே தாமதமாக வந்த சரியான விடையும் தவறான விடைதான். குறித்த நேரத்துக்குள் வேலை முடிந்தே ஆக வேண்டிய இடங்களுக்கென்று தனி வகை இயங்குதளங்கள் உண்டு. ரியல்-டைம் ஆபரேட்டிங் சிஸ்டம் என்பார்கள். பாத்ஃபைண்டரில் ஓடியது, அமெரிக்காவின் விண்ட் ரிவர் நிறுவனம் உருவாக்கிய விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற அந்த வகை இயங்குதளம்.

நிலவில் காப்பாற்றிய வரிசை

இத்தகைய இயங்குதளத்தின் அடிப்படை விதி எளிது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை எண். மேல் எண் கொண்டவர் வந்தால் கீழ் எண் கொண்டவர் அந்தக் கணமே ஒதுங்க வேண்டும்.

இந்த விதியின் பெருமையை 1969 ஜூலை 20 அன்று மனிதகுலம் பார்த்தது. அப்போலோ 11-ன் ஈகிள் கலம் நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது கணினியில் 1202 என்ற எச்சரிக்கை எண் மின்னியது. மாற்றி எழுதத்தக்க மெமரி 2,048 சொற்கள் மட்டுமே கொண்ட கணினி அது. ரேடார் ஒன்று தேவையில்லாமல் அனுப்பிய துடிப்புகள் அதன் நேரத்தைத் தின்றுவிட்டன. புதிய வேலைகளுக்கு இடம் இல்லை என்பதுதான் அந்த எண்ணின் பொருள்.

எம்.ஐ.டி.யில் ஹால் லேனிங் வடிவமைத்த எக்ஸிகியூட்டிவ் என்ற ஷெட்யூலர் அப்போது பதறவில்லை. மார்கரெட் ஹாமில்டன் தலைமையிலான குழு எழுதிய மென்பொருள், முக்கியம் இல்லாத வேலைகளை உதறிவிட்டுத் தன்னைப் புதிதாகத் தொடங்கியது. கலத்தை இறக்கும் வேலையை மட்டும் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது. எச்சரிக்கை பல முறை வந்தது. ஒவ்வொரு முறையும் இதே நடந்தது. ஈகிள் பத்திரமாக இறங்கியது.

முன்னுரிமை வரிசை நிலவில் உயிர் காத்தது. அதே வரிசை 28 ஆண்டுகள் கழித்துச் செவ்வாயில் ஏன் காலை வாரியது? நடுவில் ஒரு பூட்டு வந்ததுதான் காரணம்.

பூட்டு எதற்கு?

ஒரு வேலை மெமரியில் புதிய வெப்ப அளவை எழுதுகிறது. அழுத்தத்தை எழுதும் முன் ஷெட்யூலர் அதை நிறுத்தி, படிக்கும் வேலைக்கு முறை கொடுத்துவிடுகிறது. படிப்பவருக்குக் கிடைப்பது இன்றைய வெப்பமும் நேற்றைய அழுத்தமும். இரண்டும் தனித்தனியே உண்மை. சேர்த்துப் பார்த்தால் பொய்.

இதைத் தடுக்க, பொதுவான இடத்தைத் தொடும் முன் ஒவ்வொரு வேலையும் ஒரு சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி வைத்தார்கள். சாவி ஒன்றுதான். ஒருவர் கையில் இருக்கும்போது அடுத்தவர், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், நிற்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு ம்யூட்டெக்ஸ் என்று பெயர். இது இல்லாமல் நவீன இயங்குதளம் எதுவும் இல்லை.

இப்போது ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போவோம். சமையற்கட்டுக்கும் உக்கிராண அறைக்கும் நடுவே ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய ஒடுக்கமான நடை. உக்கிராணத்துக்குச் சாவி ஒன்று. எடுபிடிப் பையன் உப்பு எடுக்கச் சாவியோடு உள்ளே போய்விட்டுத் திரும்புகிறான். அந்த நேரம் பார்த்துப் பந்தி தொடங்குகிறது. சாம்பார் வாளியோடும் பாயசத் தூக்கோடும் பரிமாறுகிறவர்கள் நடைக்குள் வருகிறார்கள். அவர்கள் பையனைவிடப் பெரியவர்கள். அவன் சுவரோரம் ஒட்டி நின்று வழிவிடுகிறான். ஒருவர் போனதும் இன்னொருவர், பிறகு இன்னொருவர்.

சமையற்கட்டில் தலைமைச் சமையல்காரர் சாவிக்காக நிற்கிறார். அடுத்த பந்திக்கு அரிசி எடுக்க வேண்டும். உலை கொதித்து வற்றுகிறது. அந்த இடத்தில் அவரைவிடப் பெரியவர் யாரும் இல்லை. ஆனாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பரிமாறுகிறவர்களுக்கு அந்தச் சாவியே தேவையில்லை. அவர்கள் தலைமைச் சமையல்காரரோடு எதற்கும் போட்டி போடவில்லை. தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள். பையனும் மரியாதையோடுதான் ஒதுங்கி நிற்கிறான். யார் மீதும் குற்றம் இல்லை. ஆனால் பந்தி நின்றுவிட்டது.

கணினித் துறையில் இதற்குப் பிரையாரிட்டி இன்வெர்ஷன் என்று பெயர், அதாவது முன்னுரிமைத் தலைகீழ். செவ்வாயில் நடந்தது அச்சு அசலாக இதுதான்.

எட்டில் ஒரு நொடி

கலத்தின் கருவிகளோடு கணினி பேசுவதற்கு 1553 என்ற தகவல் பாதை இருந்தது. அது எட்டில் ஒரு நொடிக்கு ஒரு சுற்று என்ற தாளத்தில் இயங்கியது. இரண்டு வேலைகள் அதைக் கவனித்தன. ஒன்று, அடுத்த சுற்றில் யார் யாரோடு பேச வேண்டும் என்று அட்டவணை போடும். மற்றொன்று, வந்த தகவல்களை உரியவர்களிடம் பிரித்துக் கொடுக்கும். இரண்டுமே வரிசையின் உச்சியில் இருந்தவை.

வானிலைத் தகவல்களைச் சேகரிக்கும் வேலை வரிசையின் அடியில் இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் தகவல் வேறு வழியில் போய்ச் சேர, இந்த ஒரு வேலைக்கு மட்டும் பூட்டு உள்ள வழியாகப் போனது. வானிலை வேலை சாவியை எடுக்கும். அதை வைத்திருக்கும் நேரம் மிகக் குறைவு, ஆனால் அந்த நேரத்துக்குள் நடுத்தர முன்னுரிமை வேலைகள் புகுந்துவிடும். வானிலை வேலை சாவியோடு சுவரோரம் நிற்கும். தகவல் பிரிக்கும் பெரிய வேலை அந்தச் சாவிக்காக நிற்கும்.

அடுத்த சுற்று தொடங்கும்போது அட்டவணை போடும் வேலை விழித்துப் பார்க்கும். முந்தைய சுற்றின் பிரித்தல் இன்னும் முடியவில்லை. அதன் கணக்கில் இது நடக்கவே கூடாத காரியம். ஏதோ பெரிய கோளாறு என்று முடிவு செய்து, பாதுகாப்புக்காக முழுக் கணினியையும் ரீசெட் செய்துவிடும். காவலுக்கு நின்றவன் தன் கடமையைத்தான் செய்தான்.

பாசடீனாவில் ஒரு விடியற்காலை

கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் உள்ள ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரியில் பாத்ஃபைண்டரின் அச்சு அசலான நகல் ஒன்று இருந்தது. பொறியாளர்கள் அதே மென்பொருளை அதில் ஓட விட்டார்கள். விஎக்ஸ்வொர்க்ஸுக்குள் ஒரு பதிவு வசதி உண்டு. எந்த வேலை எப்போது ஓடியது, எந்தச் சாவியை யார் எடுத்தார்கள், யார் காத்திருந்தார்கள் என்று ஒன்று விடாமல் குறித்துக்கொள்ளும். அதை முடுக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். மணிக்கணக்கில் எதுவும் நடக்கவில்லை. மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட, ஒரே ஒரு பொறியாளர் மட்டும் இருந்த விடியற்காலையில் நகல் கணினி ரீசெட் ஆனது என்று அந்தச் சம்பவத்தைச் சொல்வார்கள். பதிவைப் பிரித்துப் பார்த்ததும் கதை முழுக்க அதில் இருந்தது.

மருந்து ஏற்கெனவே கலத்துக்குள்ளேயே இருந்தது என்பதுதான் வியப்பு. விஎக்ஸ்வொர்க்ஸில் ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு விருப்பத் தேர்வு உண்டு. அதை ஆன் செய்தால், சாவி வைத்திருப்பவருக்கு, அதற்காகக் காத்திருப்பவரின் முன்னுரிமை தற்காலிகமாகக் கிடைத்துவிடும். வேகத்தைக் கருதி, இந்தப் பூட்டுக்கு அது ஆஃப் செய்யப்பட்டிருந்தது.

கல்யாண மண்டபத்தில் தலைமைச் சமையல்காரர் உரக்கச் சொல்கிறார்: “சாவி என் கைக்கு வரும்வரை அந்தப் பையன் நடந்தால் நான் நடப்பதாக நினையுங்கள்.” வாளிகள் ஒதுங்குகின்றன. பையன் விறுவிறுவென்று வந்து சாவியைக் கொடுத்துவிட்டு மறுபடி பையனாகிறான். தீர்வு இவ்வளவுதான்.

மாற்ற வேண்டியது ஒரே ஒரு மதிப்பு. ஆனால் அது அந்த வகைப் பூட்டுகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. வேறு எதையாவது கெடுத்துவிடுமோ என்று விண்ட் ரிவர் நிறுவனத்தாரோடு கலந்து பேசினார்கள். நகலில் சோதித்துப் பார்த்தார்கள். கலத்தில் உள்ள மென்பொருளுக்கும் வேண்டிய மென்பொருளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பி ஒட்டவைக்கும் முறை முன்பே தயாராக இருந்தது. அந்தச் சிறு திருத்தம் விண்வெளியைக் கடந்து போய்ச் சேர்ந்தது. அந்த ரீசெட் பிறகு வரவில்லை. தரையிறங்கு கலம் ஒரு மாதம் உழைத்தால் போதும் என்று திட்டமிட்டிருந்தார்கள். அது செப்டம்பர் 27 வரை பேசியது. 16,500 படங்களை அனுப்பியது.

முன்பே தட்டிய கதவு

இந்தக் கோளாறு ஏவுவதற்கு முன்பே முகம் காட்டியிருந்தது. மாதக்கணக்கில் நடந்த சோதனைகளில் ஓரிரு முறை ரீசெட் வந்தது. மறுபடி வரவழைக்க முடியவில்லை. தரையிறங்கும் நிமிடங்களுக்கான மென்பொருள்தான் அப்போது எல்லோருக்கும் பெரிய கவலை. அதில் தப்பினால் கலமே இல்லை. வன்பொருள் சார்ந்த ஏதோ சின்னக் கோளாறு என்று அதைக் கடந்துவிட்டார்கள்.

செவ்வாயில் எல்லாம் எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்தது இன்னொரு காரணம். தகவல் அனுப்பும் வேகம் கூடுதலாகக் கிடைத்ததால் அறிவியல் வேலைகளையும் கூட்டினார்கள். நடைக்குள் வாளிகளின் எண்ணிக்கை பெருகியது. மோசமான நிலைமைகளுக்கெல்லாம் சோதித்தவர்கள், கனவிலும் நினைக்காத நல்ல நிலைமைக்குச் சோதிக்கவில்லை. கலத்தின் மென்பொருளுக்குத் தலைமை ஏற்றிருந்த கிளென் ரீவ்ஸ் இதையெல்லாம் மறைக்காமல் பின்னர் எழுதி வைத்தார். அந்த நேர்மையால்தான் உலகமெங்கும் மாணவர்கள் இன்று இதைப் படிக்க முடிகிறது.

ஒரே ஒரு முறை வந்து மறைந்த கோளாறு போய்விட்ட கோளாறு அல்ல. மென்பொருள் எழுதும் ஒவ்வொருவரும் இதை மேசையில் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளலாம். அதைப்போலவே முக்கியமான இன்னொன்று, சோதனைக்கான பதிவுக் கருவிகளை வழித்துப் போடாமல் விட்டுவைத்தது. அவை இல்லையென்றால் அந்த விடியற்காலை வெறும் இருட்டாகவே விடிந்திருக்கும்.

மூவர் எழுந்து நின்றார்கள்

இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் யார்? முன்னுரிமை தலைகீழாகும் ஆபத்தை பட்லர் லாம்ப்ஸனும் டேவிட் ரெடலும் 1980-ல் ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார்கள். முறையான தீர்வைக் கணிதத்தோடு வகுத்து நிறுவியவர்கள் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர்: லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. அவர்களுடைய கட்டுரை 1990 செப்டம்பரில், பொறியாளர்களின் அமைப்பான ஐ.இ.இ.இ.-யின் கணினி ஆய்விதழில் வெளியானது.

இவர்களில் ராஜ்குமார் 1984-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.இ. முடித்து, மேற்படிப்புக்கு அமெரிக்கா போனவர். 1989-ல் கார்னகி மெலனில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு அங்கேயே பேராசிரியராகி, தானாக ஓடும் கார்கள் பற்றிய ஆராய்ச்சியில் முன்னோடிகளில் ஒருவரானார்.

1997 டிசம்பர். சான் ஃபிரான்சிஸ்கோவில் ரியல்-டைம் அமைப்புகள் குறித்த ஐ.இ.இ.இ. மாநாடு. விண்ட் ரிவர் நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி டேவிட் வில்னர் பாத்ஃபைண்டர் கதையைச் சொன்னார். இந்தச் சிக்கலையும் தீர்வையும் முன்பே எழுதி வைத்த கார்னகி மெலன் ஆய்வாளர்கள்தான் உண்மையான நாயகர்கள் என்றார். பல ஆண்டுகளுக்கு முன் அதைக் கேட்டிருந்தாலும், எழுதியவர்களின் பெயர் நினைவில் இல்லையே என்று வருந்தினார். அந்த மூவரும் அதே அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் மாநாட்டின் நிகழ்ச்சித் தலைவர் கேட்டுக்கொள்ள, மூவரும் எழுந்து நின்றார்கள். அங்கே இருந்த மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் மைக் ஜோன்ஸ் இதை நண்பர்களுக்கு எழுதினார். கதை உலகம் சுற்றியது.

உங்கள் சட்டைப்பையில்

இது விண்கலங்களின் சங்கதி மட்டும் அல்ல. செல்போனில் பாட்டு கேட்கும்போது, சில மில்லிநொடிகளுக்கு ஒரு முறை ஒலித் துணுக்குகளைத் தவறாமல் நிரப்ப ஒரு வேலை ஓடுகிறது. அது சாவிக்காக நின்றுவிட்டால் பாட்டு இடறும். ஆண்ட்ராய்டின் ஒலிப் பிரிவுக்கான வழிகாட்டி ஆவணங்களில் முன்னுரிமைத் தலைகீழுக்குத் தனித் தலைப்பே உண்டு. ஆண்ட்ராய்டின் அடியில் ஓடும் லினக்ஸ் கெர்னல், சாவி வைத்திருப்பவருக்கு முன்னுரிமை தரும் வசதியைச் செயலிகளின் பூட்டுகளுக்கும் 2006-ல் சேர்த்துக்கொண்டது. நேரம் தவறாமல் இயங்க லினக்ஸுக்குத் தேவையான மாற்றங்கள் இருபது ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2024-ல் அதன் மூலப் பதிப்பில் முழுமையாக இடம்பிடித்தன. விஎக்ஸ்வொர்க்ஸ், பாத்ஃபைண்டருக்குப் பிறகு கியூரியாசிட்டி, பெர்சவரன்ஸ் ஆகிய ஊர்திகளோடும் செவ்வாய்க்குப் போனது. 2021-ல் அங்கே முதன்முதலாகப் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரில் ஓடியது லினக்ஸ்.

நம் பொறியியல் கல்லூரிகளில் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் ஒரு பாடம். அதில் பிரையாரிட்டி இன்வெர்ஷன் பெரும்பாலும் ஒரு இரண்டு மதிப்பெண் கேள்வி. மூன்று வரி மனப்பாடம் செய்து, எழுதிவிட்டு, மறந்துவிடுகிறார்கள். அந்த மூன்று வரிக்குள் ஒரு கிரகம் இருக்கிறது. நம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துப் போன ஒருவரின் இளமைக்கால உழைப்பு இருக்கிறது. அதைச் சொல்லித் தராமல் வரையறையை மட்டும் சொல்லித் தருவது மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம். லினக்ஸின் கெர்னல் முழுவதும் யார் வேண்டுமானாலும் படிக்கத் திறந்து கிடக்கிறது. ஒரு பழைய கணினி போதும். மூன்று வேலைகளையும் ஒரு பூட்டையும் எழுதிப் பார்க்கிற மாணவிக்கு, செவ்வாயில் நடந்தது தன் மேசையில் நடக்கும்.

ஓர் அமைப்பு நின்றுபோகும்போது நம் கண் முதலில் உச்சியில் இருப்பவரைத்தான் தேடுகிறது. பாசடீனாவில் அந்த விடியற்காலையில் பதிவைப் பிரித்தவர்கள் வரிசையின் அடியைப் பார்த்தார்கள். அங்கே கையில் சாவியோடு, வழி கிடைக்காமல் ஒரு சின்ன வேலை நின்றுகொண்டிருந்தது. அதற்கு வழிவிட்டதும் எல்லாம் நகர்ந்தது.